கிளாவர் அஞ்சு

போயாவுக்குப் பூட்டிய பிள்ளைக் காம்பராவின் சாவி
ரஞ்சிதமலரிடம் இருக்கிறது,
அதனால் அங்கேதான் ஆட்டம்.
முழங்கால் தாடையில் இடிக்கும் சின்னக் கதிரைகள்.
சுவரில் எந்தப் பிள்ளையோ கீறிய
ஐந்து கால் மாடு.
வெளியே பொகவந்தலாவை மொத்தமும்
பனிக்குள் போய்விட்டது.
கொழுந்தெடுக்கிற பொம்பிளைகள் கடதாசி விளையாடுவதை
இனி யார் பார்க்கப் போகிறார்கள்.

நாலு பேர். ஆளுக்குப் பதின்மூன்று.
முதல் ஆள் ஆசு வைக்க வேண்டும், அடுத்தவள் ரெண்டு,
அதற்கடுத்தவள் மூன்று,
இப்படியே ராசாவரை ஏறி
மறுபடி ஆசுக்கு வர வேண்டும்.
கவிழ்த்துத்தான் வைக்கலாம்.
வாயால் சொல்ல வேண்டும்: "ரெண்டு ஏழு."
கையில் ஏழே இல்லாவிட்டாலும்
"ரெண்டு ஏழு."
நம்பாதவள் "புளுகு" என்று கத்தலாம்.
கத்தினால் புரட்டிப் பார்ப்போம்.
பொய்யென்றால் வைத்தவள் கட்டை அள்ளுவாள்,
மெய்யென்றால் கத்தினவள்.
முதலில் கை காலியானவளுக்குக் கெலிப்பு.

சட்டம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் முகம்.

தவக்கொடிக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும்.
அதை மறைக்க லேஞ்சி கட்டி வந்தாள்.
இப்போது பொய் சொல்லும்போதெல்லாம்
லேஞ்சியைத் தொட்டுப் பார்க்கிறாள்.
ரஞ்சிதமலர் பிள்ளைகளுக்குச் சோறூட்டுகிற குரலில்
இழுத்துச் சொன்னால் நம்பக் கூடாது.
எனக்கு வாய்.
மண்ணெண்ணெய் விலை, அட்டைக் கடி,
மகனுக்கு வாங்க வேண்டிய சப்பாத்து,
எல்லாம் கடதாசியைக் கீழே வைக்கும்போதுதான்
ஞாபகம் வரும்.

பிலோமினாவைப் படிக்க முடியாது.
பதினேழு வருசம் தராசுக்கு முன்னால் நின்ற முகம்.
முள் பதினெட்டில் நிற்க,
"பதினாறு" என்று காதில் விழ,
இமைகூட ஆடாமல் பழகிய முகம்.

எங்கள் கட்டில் ஒன்று குறை.
கிளாவர் அஞ்சு, போன சித்திரையில் அடுப்புக்குள் போனது.
பால்மாப் பெட்டியை வெட்டிப்
பேனையால் கீறி ஒன்று செய்தோம்.
அதன் முதுகில் பசுமாட்டின் அரை முகம்.
கவிழ்த்தாலும் எல்லோருக்கும் தெரியும்.
ஐம்பத்திரண்டில் அந்த ஒன்றுக்கு மட்டும்
பொய் சொல்ல வராது.

அது கைக்கு வந்தால் தோல்வி என்றுதான்
நினைத்துக்கொண்டிருந்தோம்.
போன போயாவில் பிலோமினாவின் முறை, அஞ்சு.
"மூணு அஞ்சு" என்றாள்.
மேலே மாடு.
மாட்டைப் பார்த்தோம், நம்பினோம்.
அடியில் கிடந்தது ஒரு ராணியும் ஒன்பதும் என்று
கெலித்தவள் தேத்தண்ணி ஊற்றப் போன பிறகு
கட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

ஆகவே, புதிதாக ஆட வருகிறவளே,
முழுப் பொய் சொல்லாதே.
மெய் ஒன்றை மேலே வை.

செவ்வாய்க்கிழமை மடுவத்தில் நிறுவை.
பிலோமினாவின் சாக்கு தொங்குகிறது.
முள் ஆடி ஆடிப் பதினெட்டில் நின்றது.
"ஈரக் கொழுந்து, பதினாறு"
புத்தகத்துக்குக் குனிந்தார் கணக்கப்பிள்ளை.

கொழுந்து ஈரம்தான். விடியலிலிருந்து மழை.
மேலே மாடு.

"புளுகு."

அதிகச் சத்தமில்லை.
தராசுச் சங்கிலியின் கிறீச்சுக்கு
ஒரு நூல் மேலே.

"யாரு?"
"யாரும் ஒண்ணும் சொல்லலீங்க ஐயா" என்றாள் தவக்கொடி,
லேஞ்சியைத் தொட்டபடி.

அவர் முள்ளைப் பார்த்தார்.
எங்களைப் பார்த்தார்.
நாலும் கவிழ்த்து வைத்த கடதாசி.
பின்னால் வரிசை மொத்தமும்
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பதினாறை வெட்டிப் பதினேழு எழுதினார்.

ஒரு கிலோ இன்னும் அவர் கையில்.
சாக்கை இறக்கும்போது
உதடு அசையாமல் பிலோமினா சொன்னாள்:
"அடுத்த தடவ வேற ஒருத்தி கத்துங்க.
ஒரே ஆள் கத்துனா பழகிருவாரு."